முதலில் கல்லறைச் சுவர் இடியட்டும்

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். பூமாலையும் மெழுகுவத்தியுமாகக் குடும்பம் குடும்பமாக மக்கள் மயானத்துக்குப் போகிற நாள். தமிழ்நாட்டின் பல ஊர்களில், காலையில் ஒரே கோயிலில் திருப்பலி கண்டவர்கள் மாலையில் இரண்டு வாசல் வழியாக இரண்டு மயானங்களுக்குப் பிரிந்து போகிறார்கள். அதே மாதம் இரண்டாம் ஞாயிறு, தலித் விடுதலை ஞாயிறு. பறை முழங்குகிறது, சமத்துவத்துக்காகத் தனி மன்றாட்டு நடக்கிறது, ஆயர்களும் பேராயர்களும் அறிக்கை விடுகிறார்கள். மயானம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எல்லாரையும் அணைத்துக்கொள்ளும் முற்போக்கான திருச்சபை வேண்டும் என்ற பேச்சு இறையியல் கல்லூரிகளிலும் கருத்தரங்குகளிலும் இப்போது தாராளமாகவே கேட்கிறது. நல்லது. அந்த வேலையைப் பிரசங்க பீடத்தில் தொடங்காமல் மண்ணில் தொடங்குங்கள் என்பதே நம் கருத்து. கல்லறை நிலம் பெரும்பாலும் மறைமாவட்டத்தின் கையில் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையானால் அதன் டிரஸ்ட் அசோசியேஷன் கையில். இரண்டு மயானத்தை ஒன்றாக்க ரோமாபுரியின் அனுமதி வேண்டாம், அரசாணையும் வேண்டாம். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதி பிரிக்கும் சுவரை எதிர்த்துப் பெரியார் இயக்கத்தவர் போராட வேண்டியிருந்ததே, அந்த வெட்கம் திருச்சபைக்கு இன்னும் உறைக்கவில்லை.

அவசரப்பட்டால் சபை உடையும், பொறுத்திருந்தால் தானாக மாறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தப் பொறுமைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1706இல் புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1733இல் ஆரோன் என்ற தமிழர் அந்த மிஷனின் முதல் தமிழ்க் குருவானார். அதே காலத்தில் தஞ்சைச் சீமையில் ஊழியம் செய்துவந்த ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். அன்று ஒத்திப்போட்டது தலைமுறை தலைமுறையாக ஒத்திப்போயிற்று. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்தின் பக்கம் நின்று வாதாடினார் என்பது நாம் வசதியாக மறந்துவிட்ட செய்தி.

நெல்லைப் பக்கத்து வடக்கன்குளம் கதை வேறு. அங்கே கத்தோலிக்கக் கோயிலே சாதிப்படி இரண்டு நீண்ட கூடங்களாகக் கட்டப்பட்டது. ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். இரு கூடங்களும் பீடத்தருகே போய்ச் சேரும். 1910இல் குருமார் முன்னின்று தடுப்பை அகற்றினார்கள். வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. தேவாலயத்துக்குள் சாதிக்கென்று தனியிடம் கேட்க உரிமை இல்லை என்று மதராஸ் உயர்நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. மனம் மாறிய பிறகு சுவர் இடிக்கப்படவில்லை. சுவர் இடிந்த பிறகுதான் மனம் மாறவேண்டி வந்தது. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கத்து எறையூரில் இதற்கு நேர்மாறானது நடந்தது. ஒதுக்கப்பட்டுச் சலித்த தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ராஜநாயக்கனுக்கும் எறையூருக்கும் நடுவே ஏறக்குறைய 275 ஆண்டு. இதற்கு மேலும் பொறுக்கச் சொல்பவர்கள் கெடுவாவது சொல்ல வேண்டும்.

உத்தரவு சுவரை இடிக்கும். கூட்டத்தைச் சபையாக்க அது போதாது. அதற்கு வழிபாடு வேண்டும். 1947இல் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை இதை அன்றே அறிந்திருந்தது. 1950இல் அது உருவாக்கிய திருவிருந்து ஒழுங்கில், கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துச் சேர்த்தது: சமாதானத்தைக் கைக்குக் கை கொடுப்பது. குருவானவர் கையிலிருந்து புறப்பட்டு, பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் அவர் உள்ளங்கையைத் தொட்டு, கடைசி வரிசைவரை போகும். தீண்டாமை இருக்கும் நாட்டில் இதைவிடத் துணிச்சலான சடங்கு உண்டா? இன்று பல கோயில்களில் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு முடித்துக்கொள்கிறார்கள்.

மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’ என்றால் எல்லாருக்கும் தெரியும், இன்னும் ஒருபடி மேலே போனார். கர்நாடக ராகக் கீர்த்தனையும் இங்கிலாந்து மெட்டும்தான் ஆராதனை என்றிருந்த இடத்தில் கிராமியப் பாட்டையும் பறையையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்தார். கடவுளைத் தாயும் தகப்பனுமாகச் சேர்த்து அழைத்தார். அவருடைய இறையியலின் நடுவே இருந்தது ‘ஒரு உலை’: எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து, எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவது. நெல்லைப் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகை என்று இந்த உலை ஆண்டுதோறும் கொதிக்கத்தான் செய்கிறது. அரிசி யார் கொடுத்தார்கள், கரண்டியை யார் பிடித்தார்கள் என்று பார்த்தால் அந்தச் சபையின் நிலவரம் தெரிந்துவிடும்.

பெண்கள் விஷயத்தில் சட்டம் எப்போதோ முன்னால் போய்விட்டது. தென்னிந்தியத் திருச்சபை 1976இலேயே எலிசபெத் பால் அவர்களைக் குருவாக அபிஷேகம் செய்தது. 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். கத்தோலிக்கத்திலும் வாசகர், பீடத்துணைவர் பணிகளை 2021இல் போப் பிரான்சிஸ் பெண்களுக்குத் திறந்துவிட்டார். பல ஊர்களில் பெண்களுக்கு வாய்ப்பது இன்னும் பீடத்துக்குப் பூ ஜோடிப்பதும் கோயில் கூட்டுவதும்தான்.

சங்கடமான கேள்விக்கு வருவோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காரும் கோயிலுக்குள் ஒரு திருநங்கை வந்தால் எங்கே உட்காருவார்? கதவருகே நின்றுவிட்டுப் போய்விடுவார். நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது 2014இல். பக்கப் பிரிவினையை எடுத்துவிடுங்கள். குடும்பம் சேர்ந்து உட்காரட்டும், தனியாக வருபவர் விரும்பிய இடத்தில் உட்காரட்டும். இதில் வேத விரோதம் எதுவும் இல்லை. ஒருபாலீர்ப்பு உள்ளவர்களைப் பற்றி இறையியலாளர்கள் இன்னும் பல காலம் வாதாடுவார்கள். அதுவரை ஒன்றை நிறுத்தலாம். அவர்களை ‘மாற்றும்’ சிகிச்சை கூடாது என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் மருத்துவர்களுக்குத் தடை விதித்தது. மருத்துவர் செய்யக் கூடாததை, உபவாச ஜெபம் என்றும் விடுதலைக் கூட்டம் என்றும் பெயர் வைத்துப் போதகர் செய்யலாமா? அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் உங்கள் முன்வரிசையில்தான் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலினத்தில் சேர்க்கவேண்டும் என்ற கோரிக்கை முழுக்க நியாயமானது. 1950 குடியரசுத் தலைவர் ஆணையை சீக்கியருக்காக 1956இலும் பௌத்தருக்காக 1990இலும் திருத்தியவர்கள் கிறிஸ்தவரை இன்னும் வெளியே நிறுத்தியிருப்பது அநீதி. ஆனால் அரசு கமிஷன்கள் முன் நின்று, எங்கள் மக்களைச் சாதி விடவில்லை என்று சாட்சி சொல்கிற திருச்சபை, அந்தச் சாதி தன் சொந்தக் காம்பவுண்டுக்குள்ளேயும் வளர்வதைச் சேர்த்தே சொல்லியாக வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் தலித் கொள்கை ஆவணத்தில் அதை ஒப்புக்கொண்டது. 2022இல் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலும் ஆனார். பங்குப் பேரவையும் சேகரக் கமிட்டியும் அதே வேகத்தில் மாறவில்லை.

ஆகவே ஆயர்களும் சினாடும் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். தனி மயானம், தனிப் பாதை, தனிச் சவ வண்டி வைத்திருக்கும் பங்கும் சேகரமும் எவை என்று பெயர் போட்டு வெளியிடுங்கள். ஓராண்டு கெடு கொடுங்கள். அதற்குள் ஒன்றாக்காத இடத்தில் திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஆயர் போகாமல் இருக்கட்டும். அந்தச் சேகரத்திலிருந்து யாரும் திருமண்டலத் தேர்தலில் நிற்க முடியாது என்று விதி எழுதுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கமிட்டிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். தேர்தல் வேட்புமனுவுக்கு மட்டும் ஒரு நாளும் தாமதிக்காது.