மிச்ச ரோலில் எத்தனை மீட்டர்?

ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை எதற்குள் போனாலும் சுவரோரம் நாலைந்து பாதி ரோல்கள் சாய்ந்து நிற்கும். இதில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், ஆபரேட்டர் ஒரு பார்வை பார்ப்பார், கட்டைவிரலால் ஓரத்தை அழுத்துவார், "பதினஞ்சு மீட்டர் தாராளமா வரும்" என்பார். பல நாள் அது சரியாகவும் இருக்கும். தவறுகிற நாள்தான் வம்பு. விடிந்தால் முகூர்த்தம், இரவு பதினொரு மணி, பேனரில் மாப்பிள்ளை முகம் வந்தாயிற்று, பெண்ணின் முகம் வருவதற்குள் ரோல் தீர்ந்துவிட்டது என்றால்... அதுவரை அடித்தது அத்தனையும் குப்பை. அந்தக் காசை ஆபரேட்டரின் சம்பளத்தில் பிடிக்கும் முதலாளிகளும் உண்டு.

தப்பு அவர் கண்ணில் இல்லை. ரோலின் வடிவமே அப்படி!

ஒரு கணக்கு. 50 மீட்டர் ரோல், துணியின் தடிமன் 0.3 மில்லிமீட்டர், உள்ளே இருக்கும் அட்டைக் குழாயின் வெளிவிட்டம் 9 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழு ரோலின் விட்டம் ஏறக்குறைய 16.5 சென்டிமீட்டர் வரும். அதாவது குழாயைச் சுற்றி 3.75 சென்டிமீட்டர் கனத்துக்குத் துணி. அச்சடித்து அச்சடித்து அந்தக் கனம் 1.25 ஆகிவிட்டது. மூன்றில் ஒரு பங்கு. அப்படியானால் நீளத்திலும் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பதினாறரை மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் இருப்பது 13.4 மீட்டர். மூன்று மீட்டருக்கு மேல் துண்டு விழுகிறது. ஒரு பத்தடி பேனர்!

காரணம் எளிது. வெளிச்சுற்று பெரிய வட்டம், ஒரு சுற்றிலேயே அரை மீட்டர் துணி ஓடிவிடும். குழாயை ஒட்டிய உள்சுற்றில் 28 சென்டிமீட்டர்தான். ஆகவே கனம் ஒரே சீராகக் குறைந்தாலும் நீளம் அப்படிக் குறைவதில்லை. கேசட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். டேப் ரிக்கார்டரின் கவுன்டர் சக்கரத்தின் சுற்றுகளைத்தான் எண்ணும். ஆரம்பத்தில் எண்கள் வேகமாக ஓடும், போகப்போக மெதுவாகும். பாட்டு என்னவோ ஒரே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வு பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. உள்ளீடற்ற உருளை! இரண்டு விட்டங்களையும் வர்க்கப்படுத்திக் கழிக்கும் அதே கணக்கு. ரோலைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு வளையம் தெரிகிறது. அந்த வளையத்தின் பரப்பு, விரித்துப் போட்ட துணியின் நீளத்தைத் தடிமனால் பெருக்கிய அளவுக்குச் சமம். தடிமனை அளக்க மைக்ரோமீட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. முழு ரோலின் விட்டம் தெரிந்தால் போதும், தடிமன் கணக்கிலிருந்து தானாக விலகிவிடும். மிச்ச ரோலின் விட்ட வர்க்கத்திலிருந்து குழாயின் விட்ட வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். முழு ரோலுக்கும் அதையே செய்ய வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து 50-ஆல் பெருக்கினால் மிச்ச நீளம். மேலே சொன்ன ரோலில் 51.25-ஐ 191.25-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் அதே 13.4. செல்போன் கால்குலேட்டரில் அரை நிமிட வேலை.

இந்த வளையக் கணக்கைப் பரீட்சைக்காக எத்தனை மாணவர்கள் போட்டிருப்பார்கள்! அதில் ஒருவர்கூட ஒரு ரோலைத் தொட்டுப் பார்த்துப் போட்டிருப்பாரா என்பது சந்தேகம். புத்தகத்தில் வருவதெல்லாம் இரும்புக் குழாயும் உலோக உருளையும்தான்.

"இருபது வருஷ அனுபவம், எனக்கெதுக்கு கால்குலேட்டர்?" என்று கேட்பவர்களும் உண்டு. அனுபவத்தைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. தினமும் ஒரே சரக்கு, ஒரே குழாய் என்றால் கை நன்றாகவே பழகிவிடும். ஆனால் இரண்டு அங்குலக் குழாய்க்குப் பதில் மூன்று அங்குலக் குழாயில் சரக்கு வந்தால்? ஃப்ளெக்ஸ் போய் ஸ்டிக்கர் வினைல் வந்தால்? வினைலுக்கு முதுகில் பசையும் தாளும் சேர்ந்த தடிமன் வேறு. பழகிய கண் அங்கே பழைய ரோலைத்தான் பார்க்கும்.

விட்டக் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. மெஷினிலிருந்து கழற்றிக் கையால் சுற்றிய ரோல் தளர்வாக இருக்கும். சுற்றுகளுக்கு நடுவே காற்று. விட்டம் பெரிதாகத் தெரியும், கணக்கு அதிக நீளம் காட்டும். இறுக்கிச் சுற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். தவிர, குழாயில் ஒட்டியிருக்கும் கடைசித் துண்டு மெஷினுக்குள் போகாது, அதையும் கழித்தாக வேண்டும்.

தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றுக்கு அங்கே எடை ஏது! ரோல் வந்த அன்றே ஒரு முறை எடை போட வேண்டும். அதே வகைக் காலிக் குழாய் ஒன்றையும் எடை போட்டுக் கழித்துக்கொள்ள வேண்டும். 5 அடி அகலம், 280 ஜிஎஸ்எம் என்றால் 50 மீட்டர் துணி மட்டும் 21 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும். பிறகு மிச்ச ரோலின் எடையில் குழாயைக் கழித்தால் 8.5 கிலோ நிற்கிறதா? 20 மீட்டர். அவ்வளவுதான்.

எப்சான், எச்பி போன்றவற்றின் சில பெரிய பிரிண்டர்களில் ரோலைக் கழற்றும்போது மிச்ச நீளத்தை அதன் நுனியிலேயே பார்கோடாக அடித்துத் தரும் வசதி உண்டு. அது இல்லாத மெஷினுக்கு, குழாயின் உள்பக்கம் ஒட்டிய ஒரு துண்டு டேப்பும் பேனாவும் போதும். ஒவ்வொரு வேலைக்கும் போன மீட்டரைக் கழித்து எழுதலாம். ராத்திரி ஷிப்டில் ஒருவர் எழுத மறந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும் என்பது வாஸ்தவம். அப்போது தராசு கை கொடுக்கும்.

ஆனால் தராசு வாங்க வேண்டியது யார்? மெஷினுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவர் ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கி வைக்கவில்லை என்றால், ரோல் நடுவில் தீர்ந்த நஷ்டத்தை ஆபரேட்டரின் சம்பளத்தில் கழிப்பது எந்த ஊர் நியாயம்? அளக்க ஒன்றும் கொடுக்காமல் குத்துமதிப்பாகச் சொல்லச் சொன்னதே அவர்தான். நஷ்டமும் அவர் கணக்கில்தான் சேர வேண்டும்.