சொன்ன சொல்லும் பிள்ளையின் பொறுமையும்

“பொறுமை அறியாத பிள்ளை, கையில் கிடைத்ததை அப்போதே தின்று தீர்க்கும், எடுத்த வேலையை முடிக்காது.” வறிய வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி இவ்வாறு பலர் கூறக் கேட்கிறோம். இத்தீர்ப்பு நீதியானதா என்று இத்திங்கள் சிந்திப்போம்.

ஆசையை அடக்குதல், கேட்டதை நினைவில் இருத்துதல், ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடுதல் ஆகிய மூன்றும் மனம் தன்னைத் தானே ஆளும் திறன்கள் என்பர் உளநூலார். இவை பிறவியிலேயே நிறைவாக அமைவன அல்ல. மழலைப் பருவம் முதல் இளமை வரை மெல்ல வளர்வன. பசியும், வீட்டில் ஓயாத சச்சரவும், நாளை என்ன ஆகுமோ என்ற அச்சமும் அவ்வளர்ச்சிக்குத் தடையாகின்றன.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. வீடற்ற குடும்பங்கள் தங்கும் இல்லமொன்றில் முன்னர்த் தொண்டாற்றியவர் அவர். 3 முதல் 5 வயதுவரை உள்ள 28 குழந்தைகள் இவ்வாய்வில் பங்கு கொண்டனர். படம் தீட்ட அமர்ந்த குழந்தையிடம், “இதைவிட நல்ல வண்ணக் குச்சிகள் கொண்டு வருகிறேன், காத்திரு” என்று கூறிச் சென்றனர். பாதிப் பேருக்குச் சொன்னபடியே கொண்டு வந்தனர். மறுபாதியினரிடம் வெறுங்கையோடு திரும்பினர். பின்னர் ஒரு மிட்டாயை முன்வைத்து, “நான் வரும்வரை உண்ணாதிருந்தால் இன்னொன்றும் தருவேன்” என்றனர். சொன்ன சொல் காக்கப்பெற்ற குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தனர். ஏமாந்தவர்களோ 3 நிமிடமே. முழுதாக 15 நிமிடமும் காத்திருந்தோர் முன்னவருள் 9 பேர், பின்னவருள் ஒருவரே.

ஏமாந்த குழந்தையிடம் குறை ஏதுமில்லை. வராத ஒன்றுக்காகக் காத்திருப்பது வீண் என்று அது கற்றுக்கொண்டது, அவ்வளவே.

கற்றதை மாற்றவும் இயலும். 1907 சனவரி 6, மூவிராசாக்கள் திருநாளன்று, உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் கூலிக்குச் சென்றபின் கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகள் அங்கு வந்தனர். ஒவ்வொரு பொருளுக்கும் ஓரிடம், எடுத்ததை அவ்விடத்திலேயே வைத்தல், கை கழுவுதல், ஓசையின்றி அமர்ந்திருத்தல் எனச் சிறு பயிற்சிகள் நடந்தன. 3 வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றின் குழிகளில் பொருத்தும் வேலையை 40 தடவைக்கு மேல் சலியாது செய்ததை அம்மையார் வியந்து எழுதியுள்ளார்.

நாம் செய்யத்தக்கவையும் சிறியனவே. புத்தாடை வாங்கித் தர இயலாத பெற்றோர், இரவில் ஒரு கதை சொல்வதாக வாக்களித்து அதனைக் காக்கலாம். உணவு, செபம், உறக்கம் ஆகியவற்றுக்கு இயன்றவரை ஒரே நேரம் வகுக்கலாம். ஒரே மூச்சில் ஐந்து வேலை ஏவாமல் ஒவ்வொன்றாய்ச் சொல்லலாம். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மறைக்கல்வி ஆசிரியரும், ஞாயிறு வருவோம் என்று ஏழை வீட்டில் சொன்னால் ஞாயிறன்றே செல்வார்களாக.

இறைவன் வாக்குத் தவறாதவர் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அதனைக் குழந்தை முதலில் நம்பத் தொடங்குவது, சொன்ன நேரத்தில் வாயிலில் வந்து நிற்கும் ஒரு பெரியவரைக் கண்டே.