மிரளும் குட்டிக்கு வீடு கிடைக்காதது ஏன்?

கிள்ளான் பள்ளத்தாக்கின் பேரங்காடி ஒன்றில் வார இறுதியில் பூனைத் தத்தெடுப்பு முகாம் நடந்தால், எந்தக் குட்டி முதலில் போகும் என்று சொல்ல ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. கம்பிக்கு வெளியே காலை நீட்டிப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து விளையாடும் குட்டி, மதியத்துக்குள் போய்விடும். மணல் தட்டுக்குப் பின்னால் சுருண்டு, ஒரு கண்ணில் நீர் வடிய, யாருக்கும் முகம் காட்டாமல் இருக்கும் குட்டி, கொண்டுவந்தவரின் காரிலேயே வீடு திரும்பும். அது கறுப்பாகவும் இருந்துவிட்டால், நம்மவர்களுக்குச் சகுனமும் சேர்ந்துகொள்ளும்.

மக்களுக்கு இரக்கம் குறைந்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாசார் ஜாவா சந்தையின் மீன்கடைப் பக்கமும், பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்சந்துகளிலும் சொந்தக் காசில் பூனைகளுக்குச் சோறு வைப்பவர்கள் இல்லாத இரவில்லை. குறை மனத்தில் இல்லை. குட்டியைக் கைமாற்றும் முறையில் இருக்கிறது. கூண்டு, கூட்டம், இரைச்சல் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் தாங்கும் குட்டிக்கே வீடு என்று நாம் தேர்வு வைக்கிறோம். மிரண்ட குட்டி அதில் தேறாது. நோயுள்ள குட்டி தேறவே முடியாது.

கூண்டு கிளப்பும் நோய்

லோங்காங் எனும் சாக்கடையிலிருந்தும் சந்தை மூலையிலிருந்தும் மீட்கப்படும் குட்டிகளிடம் அதிகம் காணப்படுவது ஓயாத தும்மலும் பீளை கட்டிய கண்ணும். பெரும்பாலும் இதற்குக் காரணம் பூனைகளுக்கான ஹெர்பிஸ் வைரஸ். ஒருமுறை தொற்றினால், பெரும்பாலான பூனைகளிடம் அது ஆயுளுக்கும் தங்கிவிடுகிறது. முகத்துக்கான நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடந்து, பூனைக்கு மன அழுத்தம் ஏற்படும்போது மீண்டும் தலைதூக்கும். மனிதருக்கோ நாய்க்கோ இது தொற்றாது. தடுப்பூசி இதன் கடுமையைக் குறைக்குமே தவிர, தொற்றை முழுவதும் தடுக்காது.

மிரட்சியும் நோயும் ஒன்றையொன்று வளர்ப்பது இங்கேதான். பயந்த குட்டிக்குக் கூண்டே பெரிய அழுத்தம். அழுத்தம் வைரஸை எழுப்புகிறது, கண் வடிகிறது, பார்க்க வருகிறவர்கள் ஒதுங்கிப்போகிறார்கள். குட்டி இன்னும் பல வாரம் கூண்டில் கிடக்கிறது. அழுத்தம் இன்னும் ஏறுகிறது.

இதைவிட முக்கியமானது நாள் கணக்கு. அழுத்தம் நேர்ந்த அன்றே வைரஸ் வெளிப்படாது. ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்ளும். ஞாயிறன்று கண் தெளிவாக இருந்த குட்டி, வீடு மாறிய பதற்றத்தால் அடுத்த ஞாயிறு தும்மத் தொடங்கும். வாங்கிவந்தவர், தம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறார். கொடுத்தவரோ, வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறார். உண்மையில் இருவர் மீதும் குற்றமில்லை. ஆனால் குட்டி திரும்பி வந்துவிடும். அந்தப் பயணமே அடுத்த அழுத்தம். இந்த ஒரு வாரக் கணக்கை முன்கூட்டியே சொல்லியிருந்தால், திரும்பி வரும் குட்டிகளில் பலவற்றை அந்த வீடுகளிலேயே தக்கவைத்திருக்கலாம்.

மிரட்சி பிறவிக் குணமா?

பாதி ஆம், பாதி இல்லை. குட்டி மனிதரைப் பழகிக்கொள்ள ஏற்ற காலம் அதன் 2 முதல் 7 வாரம் வரை என்பதை அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகள் காட்டின. தந்தைப் பூனையின் துணிச்சல் குட்டிக்கும் வருகிறது என்பதை 1995இல் சாண்ட்ரா மக்கூன் எடுத்துக்காட்டினார். தெருவில் மூன்று மாதம் வளர்ந்து கைக்கு வரும் குட்டி, அந்தக் காலத்தைத் தவறவிட்டது. அதனால் அது பழகவே பழகாது என்று பொருளல்ல. அதிக நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

அந்த நாள்களைக் குறைக்கும் வழியும் மலிவானது. காப்பகப் பூனைகளுக்கு ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி வைத்தாலே அழுத்தம் விரைவாகத் தணிகிறது என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வு 2014இல் சொன்னது. வீட்டில் ஓர் அறை, அதில் ஒரு பெட்டி, ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர்மூலையில் தீனி. முதல் வாரத்தில் துரத்திப் பிடித்துக் கொஞ்சுவது கூடாது. தரையில் உட்கார்ந்து நம் வேலையைப் பார்த்தால் போதும்.

மருந்துக்கும் கைப்பழக்கம் வேண்டும். குட்டியைத் துண்டில் சுற்றி அதன் முதுகு நம் பக்கம் இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பீளையை ஊறவைத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். சொட்டு மருந்து பின்னாலிருந்து வர வேண்டும். எதிரே குப்பி நீண்டால் பயந்த குட்டி கையைக் கிழித்துவிடும். முடிந்த கையோடு ஒரு வாய் மீன் கொடுத்தால், மறுநாள் வேலை பாதியாகும். பலரும் வாங்கிக் கலக்கும் லைசின் பொடிக்குப் பலன் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று 2015இல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது. அந்தக் காசை மருத்துவரிடம் கொடுப்பது மேல்.

எல்லா நோயும் ஒன்றல்ல

நாள்பட்ட நோய் என்று பொதுவாகச் சொல்லிக் குட்டியைக் கொடுப்பது ஆபத்து. பூனை எய்ட்ஸ் என்று அழைக்கப்படும் எஃப்ஐவி, பெரும்பாலும் ஆழமான கடியால் பூனையிலிருந்து பூனைக்குப் பரவும்; மனிதருக்கு வராது; தொற்றுள்ள பூனை வீட்டுக்குள்ளேயே பல ஆண்டுகள் நன்றாக வாழக்கூடும். நம் நாட்டுப் பூனைகளிடம் காணப்படும் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சைப் புண்ணோ கீறல் வழியாக மனிதருக்கும் தொற்றும். இட்ராகொனசோல் மருந்தை மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். புண் ஆறியதாகத் தெரிந்த உடனே நிறுத்தக் கூடாது. முன்னதை மறைத்தால் நம்பிக்கை போகும். பின்னதை மறைத்தால் வீட்டாரின் உடல்நலமே போகும்.

நோயை மறைக்காமல் சொல்வதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 2018இல் கோம்பாக்கில் கருவுற்ற பூனையைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் கொன்ற வழக்கில் 34 மாதச் சிறைவாசம் விதிக்கப்பட்டதும் இச்சட்டத்தின் கீழ்தான். அதே சட்டம், வளர்ப்பவர் தம் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்ற கடமையையும் சுமத்துகிறது. நோயுள்ள குட்டியைக் கைநீட்டி வாங்குபவர், அந்தக் கடமையையும் சேர்த்தே வாங்குகிறார். என்ன வாங்குகிறோம் என்று அறியும் உரிமை அவருக்கு உண்டு.

இன்னொரு தடை அடுக்குமாடி. 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாக விதிகள் பூனையைத் தடைசெய்யவில்லை; அண்டையாருக்குத் தொல்லை தரும் பிராணியையே தடுக்கின்றன. ஆனால் நோட்டீஸ் வந்தால் மூன்று நாளில் அகற்ற வேண்டும். பெட்டியை விட்டு வெளியே வரவே சில வாரம் கேட்கும் குட்டியை, மூன்று நாள் கெடுவை நம்பி யார் எடுப்பார்? 1989 முதல் அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனையைத் தடுத்திருந்த சிங்கப்பூரே, 2024 செப்டம்பரில், வீட்டுக்கு இரண்டு என்று உரிமத்தோடு அனுமதித்துவிட்டது.

யார் என்ன செய்யலாம்?

நலமுள்ள குட்டிகளே தெருவில் கிடக்க, நோயாளிக் குட்டிக்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. காசு ஓர் இடத்துக்குத்தான் போதும் என்றால், அது கருத்தடைக்கே போக வேண்டும். விலங்கு நல அமைப்பான எஸ்பிசிஏ சிலாங்கூரின் ‘கிளினிக் கெம்பிரி’ கருத்தடை மருந்தகம் போன்றவை அதனால்தான் முக்கியம். ஆனால் நான் கேட்பவற்றில் பலவற்றுக்குப் பெரிய செலவில்லை.

முகாமுக்கு மிரண்ட குட்டியைக் கொண்டுவர வேண்டாம். படத்தையும் நோய் விவரத்தையும் வைத்தால் போதும். குட்டி ஒரு தற்காலிக வீட்டில் இருக்கட்டும். விரும்புபவர் அங்கே போய்ப் பார்க்கட்டும். மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள், நோயின் பெயரையும் மாதாந்தரச் செலவையும் சொல்லட்டும். இரண்டு வாரம் சோதனையாக வைத்திருந்து பிறகு முடிவெடுக்கலாம் என்பது விதியாகட்டும். வீட்டில் ஏற்கெனவே தடுப்பூசி போடாத பூனை வைத்திருப்பவருக்கும், மாதத்தில் பாதி வெளியூரில் இருப்பவருக்கும் ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று மீட்பாளர்கள் கூசாமல் சொல்லட்டும்.

2024இல் அரச மாநகரத் தகுதி பெற்ற கிள்ளானின் மாநகர் மன்றம், தத்துக் கொடுக்கப்பட்ட நோயாளிப் பூனைகளின் முதல் ஆண்டு மருந்துச் செலவில் ஒரு பங்கை ஏற்கலாம். இன்று அந்தச் செலவு முழுவதும், இரவில் சோறு வைக்கும் தனி மனிதர்களின் சம்பளத்திலிருந்து போகிறது. இரக்கம் உள்ளவர்கள்மேல் மட்டும் வரி போட்டதுபோல இருக்கிறது இந்த ஏற்பாடு. அதை மாற்றும் பொறுப்பு மற்ற எல்லாருக்கும் உண்டு.