உடன் ஊழியருக்கு ஒரு நாற்காலி



தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் குடியேறிய நம் குடும்பங்களில் அநேகருக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையே பூர்வீகம். அச்சீமையிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டு ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற முன்நின்ற அவர், 1909-இல் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கலுக்குத் தாமே மிஷனெரியாகச் சென்றார்.

மறு ஆண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறக்குறைய 1200 பிரதிநிதிகள்; அவர்களில் ஆசியர் இருபது பேருக்கும் குறைவே. அங்கே அயல்நாட்டு மிஷனெரிகளுக்கும் சுதேச ஊழியருக்கும் இடையேயுள்ள ஒத்துழைப்பைக் குறித்துப் பேச அசரியா அழைக்கப்பட்டார். மிஷனெரிகளின் தியாகத்தை அவர் மறைக்கவில்லை. ஆனால் ஒருவர் எஜமானாகவும் மற்றவர் கூலிக்காரராகவும் நிற்கும் இடைவெளியை அவர்கள் முகத்துக்கு நேராகவே எடுத்துக்காட்டினார். கைகுலுக்குதலும் நாற்காலியும் தேநீரும் விருந்தும் தம்மளவில் தமக்கு வேண்டுவன அல்ல. சகோதர சிநேகத்தின் வெளி அடையாளங்களாக வருமானால் அவை யாவும் வேண்டும் என்றார். முடிவாக அவர் கேட்டது நண்பர்களையே. கேட்டிருந்த மிஷனெரிகள் சிலருக்கு அது கசந்தது.

கசப்பினால் பேசியவர் அல்லர் அவர். 1896-இல் இந்தியாவுக்கு வந்து தமிழ் கற்ற அமெரிக்கர் ஷெர்வுட் எடி அவருடைய உற்ற நண்பர். இருவரும் இணைந்து ஊழியம் செய்தவர்கள். மெய்யான நட்பை ருசித்தவருக்கே அது இல்லாத இடம் தெரியும். 1912-இல் அசரியா தோர்ணக்கலின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவரே.

இன்று நம் சபைகளில் குறைசொல்ல வெள்ளைக்கார மிஷனெரி இல்லை. காணிக்கையிலிருந்து சம்பளம் கொடுப்பவரும் தமிழர், வாங்குபவரும் தமிழர். ஞாயிறு அதிகாலையில் கல்யாணிலிருந்து லோக்கல் ரயிலேறி வரும் துணை ஊழியர் வாடகை ஹாலைப் பெருக்கி, ஜமுக்காளம் விரித்து, மைக்கைச் சரிசெய்கிறார். ஆராதனை முடிந்தபின் போதகரின் அறையில் விருந்தினர் அமர்ந்திருக்க, அவர் தேநீர்த் தட்டை ஏந்தி நிற்கிறார். கன்வென்ஷன் பேனரில் யாருடைய படம் எத்தனை பெரிது என்பதை அளந்து பார்க்கிறோம். அவருடைய வீட்டு வாடகை கட்டப்பட்டதா என்று கேட்பதில்லை.

போதகர்களின் ஐக்கியக் கூடுகையிலும் இதே நிலைதான். ஒருவருக்கொருவர் ஊழிய எல்லை விரிவடைய ஜெபிக்கிறோம். மகன் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான் என்பதையோ, மனைவி மனமடிவாயிருக்கிறாள் என்பதையோ யாரும் வாய்திறப்பதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு அது வேறொரு பிரசங்க மேடையில் உதாரணமாகிவிடும் என்ற பயம். ஒரு விசுவாசி சபை மாறினாலோ பேச்சே நின்றுவிடுகிறது. (இந்நகரத்தில் அறை மாறும் குடும்பம் அருகிலுள்ள சபைக்குப் போவது இயல்பு. அதை ஆட்டுத் திருட்டு என்று பெயரிட்டது நாம்தான்.) புதிய சபையின் போதகர் பழைய போதகருக்கு ஒரு போன் செய்தால் பாதிப் பகை பிறவாது.

எப்பாப்பிரோதீத்து, பிலிப்பி சபையார் பவுலின் தேவைக்காக அனுப்பிய உதவியாளன். அவனைத் தன் சகோதரன், உடன் வேலையாள், உடன் சேவகன் என்று பவுல் அச்சபைக்கே எழுதுகிறார். அவன் மரணத்துக்கு ஏதுவான வியாதிப்பட்டதையும், அவனை இழந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாயிருக்கும் என்பதையும் அப்போஸ்தலர் வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறார். கடந்த மழைக்காலத்தில் நம் துணை ஊழியர் எத்தனை நாள் காய்ச்சலாய்க் கிடந்தார் என்பது நம்மில் எத்தனை போதகருக்குத் தெரியும்?