பனைக்கும் பனிக்கும் ஆகாது: டெக்சாஸின் குளிர் இரவு கேளம்பாக்கம் தோட்டங்களுக்குச் சொல்வது என்ன?

பனை, பனி. எழுத்தில் ஒரு குறிதான் வித்தியாசம். ஆனால், இரண்டுக்கும் ஆகவே ஆகாது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. வீட்டு வாசலிலும் சாலையோரங்களிலும் பச்சைப் பசேலென நின்ற பனைக் குடும்ப மரங்கள் மேல் பனி கொட்டியது. சில வாரங்களில் ஓலைகள் பழுப்பேறித் தொங்கின. அவற்றில் பல மறுபடி துளிர்க்கவே இல்லை.

கேளம்பாக்கத்தில் பனி கொட்டப்போவதில்லை. அப்புறம் எதுக்கு இந்தக் கதை? பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே புதிதாக எழும் அடுக்குமாடிக் குடியிருப்பு, பண்ணை வீடு, ரிசார்ட் என எதை எடுத்தாலும், வாசலில் அழகுக்காக நிற்பது பெரும்பாலும் ஏதாவது ஒரு பனைக் குடும்ப மரம்தான். எந்த மரத்தை நடுவது, எதைப் பார்த்து நடுவது என்ற கேள்விக்கு டெக்சாஸ் அனுபவத்தில் ஒரு பதில் இருக்கிறது.

டெக்சாஸில் நடந்தது என்ன?

2021 பிப்ரவரி நடுவில் வட துருவக் குளிர்காற்று தெற்கே வெகுதூரம் இறங்கியது. ஆஸ்டின் நகரில் வெப்பநிலை சுமார் மைனஸ் 14 டிகிரி செல்சியஸ் வரை போனது. சான் அன்டோனியோவில் சுமார் மைனஸ் 13, கடலுக்கு அருகில் உள்ள ஹூஸ்டனில்கூட மைனஸ் 10. மின்சாரம் போய் லட்சக்கணக்கான வீடுகள் இருட்டிலும் குளிரிலும் கிடந்தன. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். வேளாண்மைக்கு ஏற்பட்ட இழப்பு குறைந்தது 60 கோடி டாலர் என டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கத் துறை மதிப்பிட்டது.

பனைக் குடும்பத்தில் அதிகம் அடிவாங்கியவை வெளியூர் மரங்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த 'குயின் பாம்', மெக்சிகோவின் வடமேற்குப் பகுதியைச் சேர்ந்த 'மெக்சிகன் ஃபேன் பாம்' ஆகியவை ஏராளமாகச் செத்தன. அதே குளிரில், டெக்சாஸின் தென்கோடியில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையைச் சொந்த ஊராகக் கொண்ட 'சபால்' பனைகள் பெரும்பாலும் தப்பித்தன.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. இது அங்கே முதல் தடவை இல்லை. 1983 டிசம்பரிலும் 1989 டிசம்பரிலும் இதே போன்ற கடுங்குளிர் தெற்கு டெக்சாஸில் பனை மரங்களையும் ஆரஞ்சுத் தோட்டங்களையும் கருக்கியது. அதன்பின் 30 ஆண்டுகளுக்கு அந்த அளவுக்குப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. வேகமாக வளரும், விலையும் மலிவு என்று அதே மரங்களைத் திரும்பவும் வரிசை வரிசையாக நட்டார்கள். மரத்தின் ஆயுள் 50 வருஷம். மனுஷனோட ஞாபகம் அதைவிடக் குறைவு. பிரச்சினையே அங்குதான்.

குளிர் பட்டால் பனை ஏன் சாகிறது?

வேம்பு, புங்கன் போன்ற மரங்களில் ஒரு கிளை கருகினால் இன்னொரு கிளை துளிர்க்கும். தண்டில் காயம்பட்டால் பட்டை மூடிக்கொள்ளும். பனைக் குடும்பத்துக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. தென்னை, பனை, ஈச்சை, பாக்கு எல்லாமே புல் இனத்தைப் போல ஒருவித்திலைத் தாவரங்கள். பட்டைக்கு உள்ளே காயத்தை ஆற்றும் வளர்திசு இவற்றில் கிடையாது. தண்டில் விழுந்த வெட்டு கடைசிவரை வெட்டாகவே இருக்கும்.

அதைவிட முக்கியம், உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்து. கிளைக்காத பனைக்கும் தென்னைக்கும் வளரும் முனை அது ஒன்றுதான். அடுத்த சில ஆண்டுகளில் விரியப்போகும் ஓலைகள் அதற்குள்ளேதான் மடிந்து உட்கார்ந்திருக்கின்றன. வெளி ஓலை முழுக்கக் கருகினாலும் குருத்து பிழைத்தால் மரம் பிழைக்கும். வெளியே பச்சையாகத் தெரிந்தாலும் குருத்து செத்துவிட்டால் மரத்தின் கதை முடிந்தது.

கடுங்குளிரில் திசுவில் இருக்கும் நீர் உறைந்து, செல்களின் சவ்வு சிதைகிறது. அதோடு நிற்பதில்லை. செத்த திசுவில் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்து கீழ்நோக்கி அழுகிக்கொண்டே போகும். அதனால்தான் சேதம் உடனே தெரியாமல், மாதங்கள் கழித்துத் தெரிகிறது. டெக்சாஸ் தோட்டக்கலை நிபுணர்கள் அப்போது மக்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது, 'அவசரப்பட்டு வெட்டாதீர்கள், கோடை வரை பொறுங்கள்' என்பதைத்தான்.

கேளம்பாக்கத்தில் உறைபனி வருமா?

'மார்கழிப் பனி' என்று இங்கே சொல்வது பனித்துளியையும் மூடுபனியையும். நீரே உறைந்து வெள்ளையாகப் படிவது உறைபனி; அது வேறு. தமிழ்நாட்டில் அது நீலகிரிக்கு ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் குளிர்காலக் காலைகளில் புல்வெளி வெள்ளை வெளேரென இருக்கும். தேயிலைச் செடிகள் கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் செடிகளைப் போர்த்திவிடுவதும், விடிந்ததும் புல்வெளியில் தண்ணீர் தெளித்து உறைபனியைக் கரைப்பதும் வழக்கமான வேலை.

கடலோரத்தில் நிலைமை தலைகீழ். சென்னை நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தின் நூறாண்டு கடந்த பதிவேட்டில் மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ்தான். 1895 டிசம்பர் 11, 1905 ஜனவரி 29 ஆகிய இரண்டு நாள்களில் அது பதிவானது. கேளம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே வங்கக் கடல். குளிர்காலத்திலும் அதன் மேற்பரப்பு 25 டிகிரிக்கு மேல் கதகதப்பாக இருக்கும். கோவளம் கழிமுகம், உப்பளங்கள், முட்டுக்காடு உப்பங்கழி என சுற்றிலும் நீர். காற்றில் ஈரப்பதம் அதிகம். இரவில் அந்த ஈரம் துளியாகும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. அதனால் வெப்பநிலை மேலும் சரியாமல் தாங்கிக்கொள்கிறது. ஆகவே இங்கே உறைபனிக்கு வாய்ப்பே இல்லை.

தை மாதத்தில் ஓலை நுனி கருகியிருப்பதைப் பார்த்து 'பனி பட்டுடுச்சு' என்று சிலர் சொல்வது உண்டு. இந்தப் பகுதியில் அதற்குப் பெரும்பாலும் காரணம் உப்பு. கடற்காற்று சுமந்து வரும் உப்பும், உவர்ப்பேறிய கிணற்று நீரும் ஓலை நுனியைத்தான் முதலில் எரிக்கும்.

அப்படியென்றால் குளிரால் இங்கே பாதிப்பே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது பனி ரூபத்தில் வருவதில்லை. வடகிழக்குப் பருவமழை முடியும் தறுவாயில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். இரவு வெப்பநிலையும் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். தென்னையில் குருத்தழுகல் நோய் பரவ இதுதான் தோதான நேரம். 'ஃபைட்டாப்தோரா' என்ற, பூஞ்சையைப் போன்ற நுண்ணுயிர் குருத்தில் தங்கும் ஈரத்தில் வளர்கிறது. நடுக்குருத்து வெளுத்து, வாடி, இழுத்தால் கையோடு வந்துவிடும். கெட்ட நாற்றம் அடிக்கும். டெக்சாஸில் பனி தொடங்கி அழுகல் முடித்துவைத்ததை, இங்கே அழுகலே தனியாகச் செய்துவிடுகிறது.

பனை மரமும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 1900களின் தொடக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்தின் கோதாவரி, கிருஷ்ணா பகுதிகளில் பனை மரங்கள் குருத்தழுகலால் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தாவர நோயியல் அறிஞர் இ. ஜே. பட்லர் அதை ஆராய்ந்தார். நோயுற்ற மரங்களின் உச்சியை வெட்டி எரிப்பதுதான் அன்றைக்குத் தீர்வாக இருந்தது.

இன்றைக்கு மருந்து எளிது. நோய் ஆரம்பத்தில் இருந்தால் அழுகிய பகுதியை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட்டு, 10 சதவீத போர்டோ பசையைத் தடவி, மழைநீர் இறங்காமல் மூடிவைக்க வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டர் நீரிலும் தனித்தனியாகக் கரைத்து, பிறகு ஒன்றாகக் கலந்தால் அந்தப் பசை ரெடி. இரும்புப் பாத்திரம் கூடாது. பிளாஸ்டிக் வாளி போதும். பக்கத்து மரங்களின் குருத்தில் 1 சதவீத போர்டோ கலவையைத் தெளிக்கலாம். மழைக்கு முன்பே தெளிப்பது இன்னும் நல்லது.

இந்தக் கடற்கரையின் 'மோசமான இரவு' எது?

டெக்சாஸுக்குக் குளிர் எப்படியோ, கேளம்பாக்கத்துக்குப் புயல் அப்படி. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னை அருகே கரையைக் கடந்தபோது சாலையெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. 2022 டிசம்பர் 9 இரவில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகிலேயே கரையேறியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கடந்தது.

பனைக் குடும்பத்துக்குப் புயல் என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டின் பெரிய சாட்சி கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அது கரையைக் கடந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் வேரோடு சாய்ந்தன. அல்லது தலை முறுக்கப்பட்டு நின்றன. அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும். அப்புறம் 60 வருஷம் சோறு போடும். ஒரே ராத்திரியில் போனது ஒரு மரத்தின் விலை இல்லை, ஒரு குடும்பத்தின் ஓய்வூதியம்.

அதே வயல்களின் வரப்பில் நின்ற பனைகள் பெரும்பாலும் அசையவில்லை. காரணம் சுலபமானது. பனையின் தலை சிறியது. தென்னையைப் போல நீண்டு விரிந்த ஓலை கிடையாது. தண்டு வைரம் பாய்ந்தது. விதை முளைக்கும்போதே முதல் வேலையாகக் கீழே இறங்குகிறது. பனங்கிழங்கு அதன் அடையாளம். மேலே தண்டு தெரிவதற்கு முன்பே பல ஆண்டுகளை அது மண்ணுக்கு அடியில் செலவழிக்கிறது. மெதுவாக வளர்வதைக் குறையாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

எதை நடுவது? எதைச் செய்வது?

அழகுக்காக நடப்படும் ராயல் பாம் கியூபாவைச் சேர்ந்தது. பாட்டில் பாம் மொரிஷியஸ் அருகே உள்ள ஒரு சிறு தீவின் மரம். நரிவால் போன்ற ஓலை கொண்ட ஃபாக்ஸ்டெயில் பாம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்தது. இவை நம்ம வெயிலில் நன்றாகவே வளரும். நடக்கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் உவர் மண், உப்புக் காற்று, மாதக்கணக்கில் மழையில்லாத கோடை, டிசம்பர் புயல் என நான்கையும் இங்கேயே சந்தித்துப் பழகிய மரம் பனைதான். வீட்டை ஒட்டி எது நின்றாலும், மனையின் எல்லையில் நாலு பனங்கொட்டையாவது ஊன்றிவைப்பது செலவில்லாத காப்பீடு.

1978-ல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பனைக்கு அரசும் கை கொடுக்க முயல்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தாக்கலான தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் கன்றுகளையும் வழங்கப்போவதாகச் சொன்னது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்றும் அறிவித்தது. மனை போடும்போது பொக்லைன் வைத்துப் பனைகளைச் சாய்த்துவிட்டு, அதே இடத்தில் லாரியில் வந்த வெளியூர்ப் பனையை நடுபவர்களுக்கு இந்த விதி தெரிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே தென்னை வைத்திருப்பவர்கள், புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றிய காய்களையும் இளநீரையும் கனமான அடி ஓலைகளையும் இறக்கிவிடலாம். தலைப்பாரம் குறைந்தால் மரம் தாக்குப்பிடிக்கும். மொத்தமாக மொட்டையடிப்பது தவறு. புயலுக்குப் பிறகு விழுந்த மரங்களைத் தோட்டத்திலேயே அழுகவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் பெருகும். காயம்பட்ட மரங்களைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டும் வரும். ஓலை கருகிய மரத்தில் குருத்து உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பொறுமையாக முடிவெடுப்பது நல்லது.

தோட்டம் போடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது 'இந்த ஊர் வெயிலுக்கு இது வருமா?' என்ற கேள்வியை. டெக்சாஸிலும் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். பதிலும் 'வரும்' என்றுதான் இருந்தது. வருஷத்தில் 364 நாளுக்கு அந்தப் பதில் சரி. மிச்சமிருக்கும் ஒரு ராத்திரிக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேளம்பாக்கத்தைப் பொறுத்தவரை அந்த ராத்திரி அநேகமாக நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ, கடல் பக்கமிருந்துதான் வரும்.