பள்ளத்தில் வீடு யாருக்கு?

மூத்த தலைமுறை பூமியைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. அதற்கான விலையை இளைய தலைமுறை கொடுக்கப்போகிறது. ஒருநாள் இளைஞர்கள் பொங்கியெழுந்து அரசாங்கங்களைக் கவிழ்ப்பார்கள். பருவநிலை மாற்றம் பற்றி எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் இந்த மூன்றையும் கேட்காமல் திரும்ப முடியாது. ஐ.நா. மேடையில் தொடங்கிய பேச்சு கிள்ளானில் பள்ளி ஆண்டுவிழா வரைக்கும் வந்துவிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்ததை எடுத்து வைத்துப் பார்த்தால் மூன்றிலும் ஓட்டை.

பூமி சூடாவதை நான் மறுக்கவில்லை. அதை வயதுக் கணக்கில் எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

முதலில், அடி விழுவது யார் மேல்?

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முந்தின நாள் பிடித்த மழை விடவேயில்லை. ஒரு மாதம் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்துவிட்டது, நூறாண்டுக்கு ஒருமுறைதான் இப்படி நடக்கும் என்றார்கள் அதிகாரிகள். மழைக் கணக்கு அப்படியே இருக்கட்டும். ஷா ஆலம் 25ஆவது பிரிவில், கிள்ளான் ஆற்றை ஒட்டிக் கிடக்கும் தாமான் ஸ்ரீ மூடாக்காரர்களுக்கு 1995 வெள்ளம் மறக்கவில்லை. அங்கே ஆறு கடலின் பேச்சைக் கேட்கும் ஆறு. கடல் ஏறினால் மதகை அடைக்க வேண்டும்; அடைத்தால் உள்ளே பெய்த மழை தானாக வெளியேறாது, பம்ப்தான் இறைக்க வேண்டும். இது ஸ்ரீ மூடாவில் வீடு வாங்கிய எல்லோருக்கும் தெரியும், வாங்கிய பிறகு.

அன்று மாடியில்லாத வீட்டுக்காரர்கள் கூரையில் ஏறி உட்கார்ந்தார்கள். மாடி வைத்தவர்கள் அரிசியையும் சாமி படத்தையும் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். படியேற முடியாத கிழவிகளை நாற்காலியோடு தூக்கினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும்: வாசலில் சேறு அப்பிய மெத்தை, மல்லாந்து கிடந்த குளிர்சாதனப் பெட்டி, ஊறி உப்பிப்போன பலகை அலமாரி. காருக்கு முழு இன்சூரன்ஸ் எடுத்தவர்கள்கூட, வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும் என்பதை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டார்கள். அரசாங்கத்தின் முதல் உதவி குடும்பத்துக்கு 1,000 வெள்ளி. புள்ளிவிவரத் துறை பிறகு போட்ட கணக்கில் நாட்டின் மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி. அதில் பாதி, 310 கோடி, சிலாங்கூரில் மட்டும்.

இதில் தலைமுறை எங்கே வருகிறது? பாட்டியும் பேத்தியும் ஒரே கூரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதே நாளில், அதே வயதுப் பாட்டியும் அதே வயதுப் பேத்தியும் டாமான்சாரா மேட்டில் சன்னல் வழியாக மழை பார்த்தார்கள்.

வயதை எடுத்துக்கொண்டாலும் கணக்கு தலைகீழாகத்தான் வருகிறது. வெயில் அலையில் முதலில் சாய்வது முதியவர்கள். இதையே வாதமாக வைத்து சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் சங்கம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஏப்ரல் 9 அன்று ஜெயித்தது. அதே நாள், அதே நீதிமன்றம், போர்த்துகல் இளைஞர்களின் வழக்கை விசாரணைக்கே ஏற்கவில்லை. சட்டக் காரணங்கள் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருத்தரங்குகளில் போர்த்துகல் பிள்ளைகளைத்தான் சொல்கிறார்கள், பாட்டிகளைச் சொல்வதில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் எனக்கு உண்மையில் கோபம் வரவைப்பது: பெரியவர்கள் செய்த பாவமாம்.

எந்தப் பெரியவர்கள்? பெட்டாலிங் ஜெயா எஃபிங்ஹாம் தோட்டமாக இருந்தது. சுபாங் ஜெயா சீஃபீல்டு தோட்டம். ஷா ஆலம் சுங்கை ரெங்கம் தோட்டம். புத்ராஜெயா பிராங் பெசார் தோட்டம். இந்தப் பள்ளத்தாக்கின் காட்டை வெட்டி, சதுப்பில் கால்வாய் இழுத்து, ரப்பரும் பிறகு செம்பனையும் நட்ட கைகளில் பல நம் தாத்தா பாட்டிகளின் கைகள். ஆனால் எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்தவர்கள் லண்டனில் பங்குதாரர் கூட்டம் நடத்தியவர்கள். 1981 செப்டம்பரில் மலேசியா லண்டன் பங்குச் சந்தைக்கே போய், ஒரே காலைப்பொழுதில் கத்ரி தோட்டக் கம்பெனியை வாங்கிக் காட்டியது. நாடே பெருமைப்பட்டது. லயத்து வீடு மட்டும் லயத்தில் இருந்தவன் பெயருக்கு மாறவில்லை. தோட்டத்து வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

பிறகு தோட்டம் தாமானாக மாறியபோது அவர்கள் எங்கே போனார்கள் என்பதில்தான் இன்றைய வெள்ளக் கதையே இருக்கிறது. பிராங் பெசாரையும் அதன் அண்டைத் தோட்டங்களையும் எடுத்து நாட்டின் நிர்வாகத் தலைநகரம் கட்டினார்கள்; அங்கிருந்த குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டன, சுவர் விரிசலோடு. மற்றவர்கள் ஆற்றோரக் கம்போங்குக்கும், மலிவு வீட்டுக்கும், யாருக்கும் வேண்டாத தாழ்ந்த நிலத்துக்கும் போனார்கள். அந்த நிலம் மலிவாக இருந்ததற்குக் காரணம் தண்ணீர். அதை வாங்கியவர்களுக்கு அந்த விலைதான் எட்டியது. அறுபது வருடம் சைக்கிள் மிதித்து, ஆயுளில் ஒருமுறைகூட விமானம் ஏறாத ஒரு முதியவரைப் பார்த்து ‘உங்கள் தலைமுறைதான் பூமியைக் கெடுத்தது’ என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

சுற்றுச்சூழல் போராட்டங்களே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான இந்தக் கோட்டைச் சில சமயம் மறைத்துவிடுகின்றன. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் ரிம்பா கியாரா பூங்காவில் உயர்மாடிக் கட்டடங்கள் வராமல் தடுக்க ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு, பொதுப் பூங்கா பொதுப் பூங்காவாகவே இருக்க வேண்டும். ஆனால் அந்தத் திட்டத்தின் ஒரு மூலையில் புக்கிட் கியாரா நீள்வீட்டுக் குடும்பங்களுக்கான வீடுகளும் இருந்தன. கியாராத் தோட்டத்திலிருந்து 1982இல் ‘தற்காலிகமாக’ அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள், பெரும்பாலும் தமிழர்கள். நாற்பது ஆண்டில் அந்தத் தற்காலிகத்திலேயே பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அந்தப் பேரப்பிள்ளையும், மேட்டில் மரம் காக்கக் கொடி பிடித்த பல்கலைக்கழக மாணவியும் ஒரே வயது. இருவரும் ‘பருவநிலைத் தலைமுறை’தான் என்றால் அந்தச் சொல்லால் எனக்கு ஒரு பயனும் தெரியவில்லை.

மூன்றாவது, இளைஞர் எழுச்சி.

தேதிகளை மட்டும் அடுக்குகிறேன். வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைத்த சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2021 டிசம்பர் 15. மூன்று நாளில் வெள்ளம். ஒரு கொள்கை ஆய்வாளர் ஆசைப்பட்டுக் கேட்டாலும் இப்படியொரு சோதனைக்கூடம் கிடைக்காது: புத்தம்புதிய இளம் வாக்காளர்கள், மீட்பு தாமதம் என்று நாடே திட்டிய அரசாங்கம், கூட்டரசும் மாநிலமும் ஒன்றையொன்று கைகாட்டிய கூத்து. ஐந்து வாரம் கழித்து, 2022 ஜனவரி 22 அன்று, இளைஞர்கள் கோலாலம்பூரில் கூடத்தான் செய்தார்கள். பங்சாரில், கறுப்புச் சட்டையோடு. எதற்காக? ஊழல் தடுப்பு ஆணையத் தலைவரைச் சுற்றி எழுந்த பங்குச் சர்ச்சைக்காக. அதற்கு முந்திய ஜூலையில் கூடியது கோவிட் நிர்வாகத்துக்கு எதிராக. 2022 ஆகஸ்டில் உணவு கொண்டுசெல்லும் பையன்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தார்கள். வெயிலிலும் மழையிலும் ரோட்டில் கிடப்பவர்கள் அவர்கள்தான், ஆனால் கேட்டது கூலி. 2019 செப்டம்பரில் புகைமூட்டத்துக்கு நடுவே கோலாலம்பூரில் பருவநிலை ஊர்வலம் ஒன்று நடந்தது உண்மை. வந்தவர்கள் சில நூறு பேர்.

சரி, வாக்குச் சீட்டில் காட்டினார்களா? 15ஆவது பொதுத்தேர்தல் 2022 நவம்பர் 19இல், மழைக்காலத்தின் வாசலில் நடந்தது. வெள்ளக் காலத்தில் தேர்தலா என்று கூச்சல் எழுந்தது, கேட்கவில்லை. சரவாக்கின் பாராமில் மோசமான வானிலையால் சில வாக்குச் சாவடிகளைத் திறக்கவே முடியாமல் பிறகொரு நாள் வாக்கெடுத்தார்கள். முடிவில் இளம் வாக்காளர் பலரை அள்ளிக்கொண்டு போன ஒரு பச்சை அலையைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. (அது பாஸ் கட்சிக் கொடியின் பச்சை. மரம் செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) ஸ்ரீ மூடா அடங்கிய கோத்தா ராஜா நாடாளுமன்றத் தொகுதியில் வெள்ளத்துக்கு முன் இருந்தவரே திரும்ப வென்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு சட்டமன்றத் தேர்தலில் கோத்தா கெமுனிங் தொகுதியும் கட்சி மாறவில்லை.

வெள்ளம் ஆட்சியைக் கவிழ்த்துவிடும் என்பதை 1971கூட நிரூபிக்கவில்லை. அந்த ஜனவரி வெள்ளத்தில் கோலாலம்பூரில் 32 பேர் இறந்தார்கள். நாட்டைப் புரட்டிப்போட்ட கலவரம் அதற்கு முன்பே, 1969 மே 13இல் நடந்து முடிந்து, நாடாளுமன்றமே இன்னும் கூடாத காலம் அது. வெள்ளத்தின் விளைவாக வந்தது ஒரு நிரந்தர வெள்ளத் தடுப்பு ஆணையம். அந்த வழியில்தான் பல ஆண்டு கழித்து, 2007இல், ஸ்மார்ட் வெள்ளநீர்ச் சுரங்கமும் வந்தது. எழுச்சி எதுவும் கேட்டு வாங்கியதல்ல, இன்ஜினியர்கள் கொண்டுவந்தது. அந்தச் சுரங்கம் நகரின் நடுவைக் காக்கிறது. ஸ்ரீ மூடாவை அல்ல.

அப்படியானால் இங்கே மக்கள் எதற்குத்தான் எழுகிறார்கள்? நிலத்துக்கு. 2007 அக்டோபர் இறுதியில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் கோயில் உடைபட்டது. நவம்பர் 25 அன்று இந்தியர் உரிமைப் பேரணிக்காகக் கோலாலம்பூர் தெருவில் கண்ணீர்ப் புகையில் நின்றவர்களில் தாத்தாவும் இருந்தார், பேரனும் இருந்தான். அடுத்த மார்ச்சில் சிலாங்கூர் ஆட்சியே கைமாறியது. கோல லங்காட் வடக்கு வனக்காப்பகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரிமச் சேமிப்பு என்று படித்தவர்கள் பேசும் சதுப்புக் காடு அது. பல நூறு ஹெக்டேரை வனப் பட்டியலிலிருந்து நீக்க முடிவெடுத்த மாநில அரசு, 2021 செப்டம்பரில் பின்வாங்கியது. எதிர்த்து நின்றவர்களில் சுற்றுச்சூழல் அமைப்புகள் இருந்தன, இளைஞர்களும் இருந்தார்கள். ஆனால் ‘இது எங்கள் பாட்டன் நிலம்’ என்று சொல்லத் தெமுவான் பூர்வகுடி மூத்தவர்கள் முன்னால் நின்றதால்தான் அந்தப் போராட்டத்துக்குக் கால் ஊன்ற ஓர் இடம் கிடைத்தது. அங்கே மூத்தவர்கள் குற்றவாளிக் கூண்டில் இல்லை.

ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும் பாரம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. இங்கே வீட்டுக்கடன் 35 ஆண்டு வரை நீளும். இருபத்தெட்டு வயதில் தாழ்ந்த நிலத்தில் வீடு வாங்கும் பெண், அறுபத்துமூன்று வயது வரை அந்த மட்டத்துக்கே தவணை கட்டுவாள். இடையில் எத்தனை முறை அலமாரியை மாற்றினாலும் தவணை மாறாது. விற்கலாமே என்பீர்கள். ஸ்ரீ மூடா என்று விளம்பரத்தில் போட்டதும் வருகிற முதல் கேள்வி என்ன என்று வீட்டுத் தரகர்களைக் கேளுங்கள்.

ஆனால் அந்தப் பாரத்தை ஏற்றியது யார் என்று பார்த்தால், அது முகமில்லாத ஒரு ‘முந்திய தலைமுறை’ இல்லை. வெள்ளச் சமவெளியில் வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி முத்திரை போட்ட அலுவலகம் அது. நீர்ப்பிடிப்பு நிலம் கைமாறியபோது கையெழுத்திட்ட மேசை. அங்கே உட்காருபவர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976 சட்டத்தோடு போயே போனது. 18 வயதில் வாக்குரிமை பெற்ற பிள்ளை பிரதமரை மாற்றலாம். தன் தெரு வடிகாலுக்குப் பொறுப்பான மாநகர் மன்ற உறுப்பினரை மாற்ற முடியாது. பருவநிலைக் கோபம் ஏன் பெட்டிக்குள் விழவில்லை என்று ஆய்வு செய்பவர்கள் அந்தப் பெட்டியே இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் புதுக் கட்டடம் வரும்போது ஆட்சேபம் சொல்ல அறிவிப்பு போவது பக்கத்து நிலத்தின் உரிமையாளருக்கு. வாடகைக்கு இருப்பவருக்கு அல்ல. அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் இருபத்தைந்து வயதுக்காரர்கள், பந்திங்கிலிருந்து வந்து கிள்ளானில் வாடகைக்கு இருக்கும் புதுக் குடும்பம், கடன் கிடைக்காததால் வாடகையிலேயே வயது ஏறுகிறவர்கள், யார் வீட்டுக்கும் அந்தக் கடிதம் வராது. மேட்டில் குளம் தூர்க்கப்படுவதை அவர்கள் தெரிந்துகொள்வது அடுத்த மழையில்.