கேட்ட சொல்லும் கணித்த சொல்லும்

பெரிய அந்தமானிய மொழிகளுக்கு மின்னகராதி வடிவமைக்க முற்படும் எவரும் தொடக்கத்திலேயே ஒரு கேள்வியை எதிர்கொள்வர்: தலைச்சொல்லாக எதை வைப்பது? தமிழில் ‘கை’ தனித்து நிற்கும். யாருடைய கை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இம்மொழிகளில் உடலுறுப்புப் பெயர்கள் அவ்வாறு தனித்து நிற்பதில்லை. உடலின் எப்பகுதியைச் சார்ந்தது என்பதைக் காட்டும் முன்னொட்டைத் தாங்கியே வரும். இம்முன்னொட்டுகளை ஏழு வகுப்புகளாகப் பகுத்து, அவை பெயரோடு நில்லாமல் வினையிலும் பெயரடையிலும் ஊடுருவுவதை விரிவாக விளக்கியவர் அன்விதா அப்பி. அவரது இலக்கண நூல் 2013இல் வெளிவந்தது. அகா-பியா, அகா-ஜெரு, அகா-போ என்னும் மொழிப்பெயர்களில் முன்நிற்கும் ‘அகா’வும் வாய், நா ஆகியவற்றைச் சார்ந்த முன்னொட்டே. முழுவடிவத்தை அகரவரிசையில் அடுக்கினால், தொடர்பற்ற சொற்களெல்லாம் முன்னொட்டின் கீழ் ஒருங்கே குவியும்.

நிரலாளர் தரும் விடை எளியது. வேரையும் வகுப்பையும் மட்டும் சேமித்து, முழுவடிவத்தைக் கெட்டர் வழியாகக் கணித்துக்கொள்ளலாம். முன்னொட்டின் எழுத்துப்பெயர்ப்பு மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். வேர் திருத்தப்பட்டும் முழுவடிவம் பழையபடியே கிடக்கும் முரண்பாடு நேராது. இதுவரை எனக்கு முழு உடன்பாடே.

செட்டரில்தான் சிக்கல் தொடங்குகிறது. திரையில் தெரியும் முழுவடிவத்தை ஒருவர் திருத்துகிறார். மாறவேண்டியது வேரா, வகுப்பா? செவ்வகத்தின் பரப்பளவை மாற்றச் சொல்லிவிட்டு நீளத்தையா அகலத்தையா என்று கூறாமல் விடுவதைப் போன்றது இது. செட்டர் ஏதோவொன்றை ஊகிக்கும். ஊகித்ததை எவரிடமும் சொல்லாது. பைத்தானில் ஒரு ப்ராப்பர்ட்டிக்குச் செட்டர் எழுதாது விட்டால், மதிப்பை மாற்ற முயல்பவருக்குப் பிழைச்செய்தியே கிடைக்கும். அகராதிப் பணிக்கு அந்தப் பிழைச்செய்தியே மேல்.

இனி என் மாறுபாடு. சேமித்த மதிப்பும் கணித்த மதிப்பும் பயன்படுத்துவோர்க்கு ஒரே தோற்றத்தில் கிடைக்க வேண்டும் என்பது பெர்ட்ரண்ட் மேயரின் புகழ்பெற்ற நெறி. வங்கிக் கணக்கின் இருப்புத்தொகைக்கு அது பொருந்தும். அருகிவரும் மொழியின் தரவுக்கு அது தீங்கு. கணித்துப் பெற்ற வடிவம் கேட்டெழுதிய வடிவத்தைப் போலவே திரையில் தோன்றினால், அடுத்த ஆய்வேடு அதைச் சான்றாகவே மேற்கோள் காட்டும். போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். அம்மொழியில் ஒரு வடிவம் உண்மையில் வழங்கியதா என்று இனி எவரிடம் கேட்பது? மொழியியலில் மீட்டுருவாக்கிய வடிவத்தின் முன் நாம் உடுக்குறி இடுவது வெறும் சடங்கன்று. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் மூலவடிவங்களைத் தராமல், சான்றுள்ள சொற்களை மட்டும் தொகுத்ததிலும் இந்த எச்சரிக்கை உண்டு.

ஆகவே கேட்டெழுதிய வடிவம் தனிப்புலமாக, ஒலிப்பதிவின் சுட்டோடு, எவரும் மேலெழுத இயலாதபடி நிற்கவேண்டும். வேரும் வகுப்பும் ஆய்வாளரின் பகுப்பு, அவற்றைத் திருத்தலாம். கணித்த வடிவம் எங்கு தோன்றினாலும் குறியோடு தோன்றட்டும்.

ஒரே சொல்லை இருமுறை வைப்பதா என்று தரவுத்தள வல்லுநர்கள் கடிந்துகொள்வர். (அவர்களுக்கு மிகையென்றாலே ஒவ்வாமை!) இரண்டும் ஒன்றாக இருந்தால்தானே அது மிகை? அப்பி பதிவுசெய்த இன்றைய பெரிய அந்தமானியம் ஜெரு, போ, கோரா, சாரே ஆகியவற்றின் கூறுகள் கலந்த பொதுமொழி. கேட்டதும் கணித்ததும் பொருந்தாத இடத்தில் நம் விதி தவறாக இருக்கலாம். அல்லது பேசியவர் வேறொரு கிளைமொழியின் முன்னொட்டைக் கொணர்ந்திருக்கலாம். பொருந்தாத பதிவுகளை மட்டும் பட்டியலிட ஒரு சிறு வினவல் போதும். களக்குறிப்பைப் புரட்டுமுன் நான் முதலில் படிக்க விரும்புவது அந்தப் பட்டியலைத்தான்.